விதி தெரியும், விகுதி தவறும்: இரண்டாம் மொழிக்காரர்களின் மூளையில் இலக்கணம் ஓடும் விதம்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, பாகலூர், வேப்பனப்பள்ளி பக்கத்துப் பள்ளிகளைச் சுற்றிப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2015-16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. தெலுங்கு, கன்னடம், உருது பேசும் மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் விலக்கு அளித்தன. சட்டம் சரியா தவறா என்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அந்த விவாதத்துக்குள் சிக்கிக் கிடக்கும் ஒரு கேள்வியைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்: கடைவீதியில் மளமளவென்று தமிழ் பேசும் ஒரு பிள்ளை, தேர்வுத் தாளில் 'தங்கை வந்தது' என்று ஏன் எழுதுகிறது?

இதே கேள்வி ஓசூர் சிப்காட்டிலும் இருக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பல ஆண்டுகளாகத் தமிழ் பேசும் தொழிலாளி, நீளமான ஒரு வாக்கியத்தின் கடைசி விகுதியில் தடுமாறுகிறார்.

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. 'இலக்கணம் தெரியவில்லை' என்பது ஒன்று. 'வயது தாண்டிவிட்டது, இனி வராது' என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மை. கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு விதி தெரியும். பேச்சு ஓடும் வேகத்தில் அந்த விதியைச் சரியான நொடியில் எடுத்துப் பயன்படுத்துவதில்தான் சிக்கல்.

முதலில் சில சொற்கள்

1. தாய்மொழி: பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டு, யாரும் பாடம் நடத்தாமல் வந்த மொழி. ஒருவருக்கு இரண்டு தாய்மொழிகள் இருக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது அரிதே இல்லை.

2. இரண்டாம் மொழி: தாய்மொழியின் அடித்தளம் விழுந்த பிறகு வந்து சேரும் மொழி. மூன்று வயதில் தெருவில் வந்தாலும் இருபத்திரண்டு வயதில் வேலையிடத்தில் வந்தாலும் பெயர் ஒன்றுதான். ஆனால் இந்த இரண்டும் ஒரே மாதிரி அல்ல. இதைக் கலப்பதுதான் பெரிய குழப்பத்துக்குக் காரணம்.

3. இலக்கண அறிவு: எது சரியான வாக்கியம், எது பிழை என்று தெரிந்திருப்பது.

4. இலக்கணச் செயலாக்கம்: ஒரு வாக்கியம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே, யார் செய்தார், யாருக்குச் செய்தார், எப்போது செய்தார் என்று உறுப்புகளை மூளை கோத்துக்கொண்டே போகும் வேலை. இது நொடிக்குள் நடந்து முடிகிறது, நமக்குத் தெரிவதுகூட இல்லை.

மூன்றாவதும் நான்காவதும் வேறு வேறு என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை எளிதாகப் புரியும். பள்ளித் தேர்வு இரண்டையும் சேர்த்தே அளக்கிறது, ஆனால் மதிப்பெண்ணை இலக்கண அறிவின் பெயரில் எழுதுகிறது.

ஒரு வாக்கியம் காதில் விழும்போது

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

'நேற்று ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விற்ற பெண்ணின் தம்பி ஓசூரில் வேலை பார்க்கிறான்.'

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் 'விற்ற' என்ற இடத்துக்கு வந்ததுமே அடுத்து ஒரு பெயர் வரப்போகிறது என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். பெயரெச்சம் அப்படித்தான் கதவைத் திறந்து வைக்கும். 'பெண்ணின்' என்று வந்ததும் எதிர்பார்ப்பு மாறுகிறது. 'இன்' இருப்பதால் பெண் இந்த வாக்கியத்தின் எழுவாய் ஆக முடியாது, அவளுக்குச் சொந்தமான யாரோ வரப்போகிறார்கள். 'தம்பி' வந்ததும் எழுவாய் கிடைத்துவிட்டது. அவனை நினைவில் வைத்துக்கொண்டு, நடுவில் வரும் ஓசூரையும் வேலையையும் தாண்டி, கடைசியில் 'பார்க்கிறான்' என்ற ஆண்பால் விகுதியோடு அவனைக் கோக்க வேண்டும்.

இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன: முன்கூட்டி எதிர்பார்ப்பது, கேட்டதை நினைவில் பிடித்துவைப்பது, தேவைப்படும் நேரத்தில் சரியான சொல்லை மட்டும் திரும்ப எடுப்பது. தாய்மொழிக்காரருக்கு இவை தானாக ஓடும். இரண்டாம் மொழிக்காரருக்கு ஒவ்வொன்றிலும் சிறு தாமதம் சேரலாம்.

எதிர்பார்ப்பு பற்றி ஒரு தெளிவான சான்று ஸ்பானிய மொழியில் கிடைத்தது. அந்த மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்பாலோ பெண்பாலோ உண்டு. பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல்லே அந்தப் பாலைச் சொல்லிவிடும். கேசி லூ-வில்லியம்ஸ், ஆன் ஃபெர்னால்ட் ஆகியோர், இரண்டு படங்களைக் காட்டி ஒன்றின் பெயரைச் சொல்லும்போது கண்கள் எங்கே போகின்றன என்று பதிவு செய்தார்கள். ஸ்பானிய மொழியில் வளரும் மூன்று வயதுக் குழந்தைகளின் கண்கள், அந்தச் சிறு சொல்லைக் கேட்ட உடனே, பெயர் முழுதாக வருவதற்கு முன்பே சரியான படத்துக்குப் போயின. வகுப்பில் ஸ்பானிய மொழி கற்ற பெரியவர்கள், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில்கூட, பெயர் வரும்வரை காத்திருந்தார்கள். பால் என்றால் என்னவென்று கேட்டால் விளக்கம் சொல்லக்கூடியவர்கள்தான் அவர்கள்.

நினைவிலிருந்து எடுப்பதிலும் இப்படித்தான். மேலே உள்ள வாக்கியத்தில் நினைவில் இரண்டு பேர் இருக்கிறார்கள், பெண்ணும் தம்பியும். கடைசி வினை வரும்போது இரண்டாம் மொழிக்காரர் தவறான ஆளை எடுத்து 'பார்க்கிறாள்' என்று முடித்துவிட வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் இயன் கனிங்ஸ் 2017-இல் இதைத்தான் முக்கியக் காரணமாக முன்வைத்தார். இரண்டாம் மொழிக்காரர் கட்டும் அமைப்பு குறைபட்டதல்ல, நினைவில் இருப்பவற்றுள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதுதான் அவர்களை அதிகம் பாதிக்கிறது என்பது அவர் வாதம்.

எல்லாமே வயதா?

1967-இல் எரிக் லென்னபர்க் என்பவர், மொழியை இயல்பாகக் கற்பதற்கு மூளைக்கு ஒரு காலவரம்பு உண்டு, அது பூப்பெய்தும் வயதை ஒட்டி முடிகிறது என்று எழுதினார். 1989-இல் ஜாக்குலின் ஜான்சனும் எலிசா நியூபோர்ட்டும் இதைச் சோதித்தார்கள். சீனமோ கொரியமோ தாய்மொழியாகக் கொண்டு, 3 முதல் 39 வயதுக்குள் அமெரிக்கா வந்த 46 பேரிடம் ஆங்கில வாக்கியங்களைக் கேட்கச் செய்து சரியா பிழையா என்று கேட்டார்கள். ஏழு வயதுக்கு முன் வந்தவர்கள் தாய்மொழிக்காரர்களுக்கு நிகராக இருந்தார்கள். அதன் பிறகு வந்தவர்களிடம் வயது ஏற ஏற மதிப்பெண் இறங்கியது. வளர்ந்த பிறகு வந்தவர்களிடம் வயதுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணாமல் போய், ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

2018-இல் ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹோர்ன், ஜோஷுவா டெனன்பாம், ஸ்டீவன் பிங்கர் ஆகிய மூவர் இணையத்தில் ஏறத்தாழ 6,70,000 பேரின் விடைகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். இலக்கணம் கற்கும் திறன் சுமார் 17 வயது வரை குறையாமல் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. தாய்மொழிக்காரர் அளவுக்கு வர வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் தொடங்க வேண்டும், ஏனென்றால் முழுமை பெறவே பல ஆண்டுகள் தேவை. அதே தரவுகளை மறுபடி அலசிய வேறு ஆய்வாளர்கள், 17 வயதில் அப்படி ஒரு திடீர் சரிவு எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தவில்லை என்று 2022-இல் மறுத்தார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

நம் ஊருக்கு இதில் முக்கியமானது ஒன்று. பாகலூரில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்கு மூன்று நான்கு வயதிலேயே தமிழ் காதில் விழத் தொடங்கிவிடுகிறது. மேலே சொன்ன எந்தக் கணக்கை எடுத்தாலும் அந்தப் பிள்ளைக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது. வயதைக் காரணம் காட்டி அந்தப் பிள்ளையைக் கைவிட ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை. வயது வாதம் பொருந்துவதானால், இருபதுக்கு மேல் இங்கே வந்து சேர்ந்த தொழிலாளிக்குத்தான் பொருந்தும். அதுவும் எந்த அளவுக்கு என்று அடுத்துப் பார்ப்போம்.

இரண்டு விளக்கங்கள், ஒரு மோதல்

2006-இல் ஹரால்ட் கிளாசன், கிளாடியா ஃபெல்சர் இருவரும் ஒரு கருத்தை வைத்தார்கள். வளர்ந்த பிறகு மொழி கற்றவர்கள், சொற்களின் பொருளையும் உலக அறிவையும் வைத்து வாக்கியத்தைப் புரிந்துகொள்கிறார்கள். உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் வாக்கிய அமைப்பை முழுதாகக் கட்டுவதில்லை, மேலோட்டமாகவே கட்டுகிறார்கள் என்றார்கள்.

அவர்கள் காட்டிய சான்று சுவையானது. 'தர்மபுரியில் படித்த டாக்டரின் மகன்' என்று சொன்னால் தர்மபுரியில் படித்தது யார்? டாக்டரா, மகனா? இரண்டு விதமாகவும் எடுக்கலாம். இதே மாதிரி இரட்டுற வரும் ஆங்கில வாக்கியங்களில், ஆங்கிலத் தாய்மொழிக்காரர்கள் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். கிரேக்கமும் ஜெர்மனும் பேசுபவர்கள் தங்கள் சொந்த மொழியில் இன்னொரு பக்கம் சாய்வார்கள். ஆனால் அவர்களே ஆங்கிலத்தில் படிக்கும்போது எந்தப் பக்கமும் சாயவில்லை. சொந்த மொழியின் பழக்கத்தையும் கொண்டுவரவில்லை, புது மொழியின் பழக்கமும் ஒட்டவில்லை.

இதற்கு எதிர்ப்பும் வலுவாக வந்தது. அதில் இரண்டு ஆய்வுகளை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஜேனட் மெக்டொனால்ட் 2006-இல் செய்தது. ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களுக்கே இரைச்சலைச் சேர்த்தும், நினைவுக்குக் கூடுதல் சுமை கொடுத்தும் வாக்கியங்களைக் கேட்கச் செய்தார். அவர்களும் பிழைகளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறினார்கள். சொல் வரிசைப் பிழைகளை ஓரளவு பிடித்தார்கள், சிறு உருபுகளில்தான் அதிகம் கோட்டைவிட்டார்கள். இரண்டாம் மொழிக்காரர்கள் விடும் பிழைகளும் கிட்டத்தட்ட அதே வடிவில்தான் இருந்தன. தாய்மொழிக்காரரின் இலக்கண அறிவு இரைச்சலில் அழிந்துபோவதில்லை, அதைப் பயன்படுத்த இடம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அப்படியானால் இரண்டாம் மொழிக்காரருக்கு அமைதியான அறையிலும் அதே நெருக்கடி இருக்கிறது என்று கொள்ளலாம். என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான முடிவுகளில் இது ஒன்று, ஏனென்றால் 'அவர்கள்', 'நாம்' என்ற சுவரை இது உடைக்கிறது.

மற்றொன்று, டோனா லார்டியர் பல ஆண்டுகள் கவனித்த ஒரு பெண்ணைப் பற்றியது. ஆய்வில் அவருக்கு வைத்த பெயர் பாட்டி (பெயர்தான், உறவுமுறை அல்ல). சீனம் தாய்மொழி. அமெரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, படித்து, வேலை பார்த்தவர். அவர் பேச்சில் இறந்தகால விகுதி வர வேண்டிய இடங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இடங்களில்தான் வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பதிவு செய்தபோதும் அதே அளவுதான். இதைப் பார்த்தால் இலக்கணமே இல்லை என்று தோன்றும். ஆனால் 'அவன்', 'அவனை' என்ற வேறுபாட்டை ஆங்கிலத்தில் எங்கே எப்படிப் பயன்படுத்த வேண்டுமோ அங்கெல்லாம் அவர் பிசகாமல் பயன்படுத்தினார். வாக்கியத்தின் உள்ளமைப்பு அவருக்குள் இல்லாமல் அது நடக்காது. உள்ளே இருக்கிறது, வெளியே வரும் வடிவத்தில்தான் விடுபடுகிறது.

எனவே விகுதிப் பிழையை எண்ணி ஒருவரின் இலக்கணத்தை அளப்பது ஆபத்தானது.

மூளை அலைகள் சொல்வது

தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி முறை, வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை ஆயிரத்தில் ஒரு நொடித் துல்லியத்தில் காட்டும். இரண்டு அலைகளின் பெயர்கள் இங்கே தேவை.

1. என்400: பொருளில் இடறல் வந்தால் ஏறத்தாழ 400 மில்லிநொடியில் எழுவது. மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் 1980-இல் கண்டது. 'காபியில் சர்க்கரையும் செருப்பும் போட்டான்' என்றால் 'செருப்பு' என்ற இடத்தில் எழும்.

2. பி600: அமைப்பில் இடறல் வந்தால் 600 மில்லிநொடியை ஒட்டி எழுவது. 'தம்பி நேற்று வந்தாள்' போன்ற இடங்களில் எதிர்பார்க்கக்கூடியது.

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லீ ஆஸ்டர்ஹவுட்டும் ஜூடித் மெக்லாஃப்லினும் பிரெஞ்சு கற்கத் தொடங்கிய மாணவர்களைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். வினையும் எழுவாயும் ஒத்துப்போகாத வாக்கியங்களுக்கு, ஆரம்பத்தில் பலரிடம் என்400 வந்தது. கற்றல் முன்னேறிய பிறகு அதே பிழைக்குப் பி600 வந்தது. முதலில் விகுதியைச் சொல்லோடு சேர்ந்த ஒரு துண்டாக மனப்பாடம் செய்கிறார்கள், பிறகுதான் அது விதியாகிறது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

இன்னும் வியப்பானது 2004-இல் வந்த அவர்களின் முடிவு. சுமார் 14 மணிநேரப் பாடத்துக்குப் பிறகு, உண்மையான பிரெஞ்சுச் சொல்லுக்கும் போலிச் சொல்லுக்கும் மாணவர்களின் மூளை வேறு வேறு எதிர்வினை காட்டியது. 'இது சொல்லா?' என்று வாய்விட்டுக் கேட்டபோது அவர்கள் குருட்டாம்போக்கில்தான் பதில் சொன்னார்கள்.

மைக்கேல் உல்மனின் கருத்தையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். பெயர்கள், தகவல்கள், மனப்பாடம் போன்றவற்றுக்கு ஒரு நினைவு அமைப்பு, பழகிப் பழகித் தானாக வரும் திறன்களுக்கு இன்னொன்று. தாய்மொழியில் சொற்கள் முதலாவதிலும் இலக்கணம் இரண்டாவதிலும் ஓடுகின்றன. தாமதமாகக் கற்பவர்களிடம் இலக்கணமும் தொடக்கத்தில் முதலாவதையே நம்பியிருக்கிறது, பழக்கம் கூடக்கூட இரண்டாவதுக்கு நகர்கிறது என்பது அவர் சொல்வது.

தெலுங்கு, கன்னடம், இந்தி: எது எங்கே மோதுகிறது

நடாஷா டோகோவிச்சும் பிரையன் மக்வின்னியும் 2005-இல் ஸ்பானிய மொழி கற்கும் ஆங்கிலக்காரர்களிடம் ஒரு வேறுபாட்டைக் கண்டார்கள். இரு மொழியிலும் ஒன்றுபோல இருக்கும் இலக்கணக் கூறு பிழையானால் மூளை கண்டுகொண்டது. தாய்மொழியில் இல்லவே இல்லாத புதுக் கூறு பிழையானாலும் கண்டுகொண்டது. இரு மொழியிலும் இருந்து, ஆனால் வேறு விதமாகப் பிரிந்திருக்கும் கூறுகளில்தான் மூளை தவறவிட்டது. புதியதைவிட, பாதி ஒத்ததே கடினம்.

இதை எங்கள் பக்கத்து மொழிகளில் வைத்துப் பார்த்தால் நிறைய விளங்குகிறது.

1. வினையின் பால். தமிழில் மூன்று பிரிவு: தம்பி வந்தான், தங்கை வந்தாள், பஸ் வந்தது. தெலுங்கில் ஒருமையில் இரண்டே பிரிவு: தம்முடு வச்சாடு என்று ஆணுக்கு ஒன்று, செல்லெலு வச்சிந்தி, பஸ்ஸு வச்சிந்தி என்று பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒன்றே. கன்னடம் தமிழைப் போல மூன்றாகப் பிரிக்கிறது. ஆக, 'தங்கை வந்தது' என்று எழுதும் தெலுங்கு வீட்டுப் பிள்ளை விதியில்லாமல் எழுதவில்லை, தனக்குத் தெரிந்த ஒரு முழுமையான விதிப்படிதான் எழுதுகிறது. தமிழும் தெலுங்கும் இங்கே பாதி ஒத்து, பாதி விலகுகின்றன. டோகோவிச் சொன்ன கடினமான வகை இதுதான் என்று கருதலாம்.

2. இதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பேச்சுத் தமிழிலேயே 'தங்கச்சி வந்துச்சு', 'அக்கா சொல்லுச்சு' என்பது இயல்பு. அன்போடு சொல்வது அது. ஆகவே தெலுங்குப் பிள்ளை தெருவில் கேட்கும் தமிழும் வீட்டுத் தெலுங்கின் விதியையே உறுதிப்படுத்துகிறது. தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு 'வந்தாள்', 'வந்தா' என்பதும் வீட்டிலும் கதையிலும் சேர்ந்தே கிடைத்திருக்கும். தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு இந்தப் பிழை தெலுங்கிலிருந்து வந்ததா, ஊர்ப் பேச்சிலிருந்து வந்ததா என்று பார்த்ததும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சிவப்பு மை ஒன்றுதான்.

3. 'நாம்', 'நாங்கள்'. கேட்பவரைச் சேர்த்தா, விலக்கியா என்ற வேறுபாடு. தெலுங்கில் மனமு, மேமு என்று அப்படியே உண்டு. இன்றைய பொதுக் கன்னடத்தில் நாவு என்ற ஒன்றே, இந்தியிலும் ஹம் ஒன்றே. முதல் கூறில் கன்னடப் பிள்ளைக்கு எளிது, தெலுங்குப் பிள்ளைக்குக் கடினம். இங்கே அப்படியே தலைகீழ். 'பிறமொழி மாணவர்' என்று ஒரே கட்டில் எல்லோரையும் கட்டிவைத்துப் பாடம் நடத்துவது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

4. இரண்டாம் வேற்றுமை. 'பையனைப் பார்த்தேன்' என்று மனிதருக்கு 'ஐ' கட்டாயம். 'பால் குடித்தேன்' என்று பொருளுக்கு விடலாம். இந்தியின் 'கோ', வங்காளியின் 'கே' ஏறத்தாழ இதே போக்கில் நடக்கின்றன. வடக்கிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழ் முழுவதுமே அந்நியம் என்று நினைப்பது சரியல்ல. இந்தியில் வினை ஆண், பெண் காட்டும், ஆனால் மனிதர், பொருள் என்று பிரிக்காது. வங்காளியிலும் ஒடியாவிலும் வினையில் பாலே கிடையாது.

வகுப்பறைக்கு இது என்ன சொல்கிறது

பில் வான்பேட்டன் என்ற ஆய்வாளர் கற்பவர்களின் கவனம் எங்கே போகிறது என்பதை ஆராய்ந்தவர். ஒரு தகவல் தனிச் சொல்லிலும் விகுதியிலும் இரண்டு தடவை வந்தால், கற்பவர் சொல்லை எடுத்துக்கொண்டு விகுதியை விட்டுவிடுவார் என்கிறார். 'நேற்று' என்று வந்துவிட்டால் இறந்தகால விகுதியைக் கவனிக்கத் தேவையில்லை. 'அவள் வந்தாள்' என்பதில் 'அவள்' போதும், 'ஆள்' விகுதி காதில் விழாமலே பொருள் புரிந்துவிடும்.

தமிழில் இதற்கு அருமையான மருந்து உண்டு. தமிழ் எழுவாயை விட்டுவிட்டுப் பேசும் மொழி. 'வந்தாள்' என்று மட்டும் சொன்னால் வந்தது யார் என்பதை விகுதி ஒன்றுதான் சொல்லும். எனவே:

1. பயிற்சி வாக்கியங்களில் எழுவாயை நீக்குங்கள். தம்பி, தங்கை, பஸ் என்று மூன்று படங்களை வைத்து 'வந்தாள்', 'வந்தது', 'வந்தான்' என்று மட்டும் சொல்லிப் படத்தைத் தொடச் சொல்லுங்கள். விகுதியைக் கேட்காமல் விடை சொல்ல முடியாது.

2. விதியைச் சொல்ல வைப்பதற்கு முன் கேட்டுப் புரிந்துகொள்ள வைக்க வேண்டும். 'உயர்திணை, அஃறிணை என்றால் என்ன?' என்ற கேள்விக்குச் சரியாக விடை எழுதும் பிள்ளை, நான்கு பக்கக் கட்டுரையில் அதே திணையில் தவறுவதில் முரண் எதுவும் இல்லை. இரண்டும் வேறு வேறு திறன்கள்.

3. பிழைகளை எண்ணுவதைவிடப் பிரிப்பது பயன் தரும். நேரக் கெடு இல்லாமல், தானே எழுதியதைத் திருத்தச் சொன்னால் பிள்ளை கண்டுபிடித்துத் திருத்துகிறதா? அப்படியானால் அறிவு இருக்கிறது, வேகம்தான் வேண்டும். அமைதியாக உட்கார வைத்துக் கேட்டும் கண்டுபிடிக்கவில்லையா? அப்போதுதான் விதியையே சொல்லித்தர வேண்டும். இரண்டுக்கும் ஒரே பாடத்தை மறுபடி நடத்தினால், முதல் வகைப் பிள்ளைக்குச் சலிப்புதான் மிஞ்சும்.

4. வகுப்பில் இருக்கும் வீட்டு மொழிகள் எவை என்பது தமிழாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெலுங்குப் பிள்ளைகளிடம் 'வச்சிந்தி' ஒன்று தமிழில் இரண்டாகப் பிரிகிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவது, விதியை மட்டும் நூறு தடவை சொல்வதைவிட நேரானது. இதற்கு ஆசிரியருக்குத் தெலுங்கு சரளமாக வர வேண்டியதில்லை. எல்லை ஊர்களில் வேலை பார்க்கும் பலருக்கு இந்த அளவு ஏற்கெனவே தெரியும், பாடப்புத்தகம்தான் அதற்கு இடம் தரவில்லை.

தொழிற்சாலைக்கு இது என்ன சொல்கிறது

இங்கே பிழையின் விலை மதிப்பெண் இல்லை, கைவிரல்.

தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசி நுனியில் இருக்கிறது. 'மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த மூடியைத் திறக்கக் கூடாது' என்ற வாக்கியத்தில் 'திறக்க' வரை கேட்டவருக்கு, செய்யச் சொல்கிறார்களா தடுக்கிறார்களா என்றே தெரியாது. பேச்சில் 'திறங்க', 'திறக்காதீங்க' இரண்டுக்கும் வேறுபாடு வினைக்குள் இருக்கும் இரண்டு மூன்று எழுத்து. இந்தியில் 'மத்' என்ற தடைச்சொல் வினைக்கு முன்னாலேயே வந்து நிற்கும். வங்காளியில் 'நா' பின்னால் வந்தாலும் தனிச் சொல்லாக நிற்கும். அந்தப் பழக்கத்தோடு கேட்பவருக்கு, தமிழ் வினைக்குள் ஒளிந்திருக்கும் 'ஆத்' எளிதில் தவறும்.

மெக்டொனால்டின் ஆய்வை இதோடு சேர்த்துப் பாருங்கள். இரைச்சலில் முதலில் பலியாவது சிறு உருபுகள். தாய்மொழிக்காரருக்கே அப்படி. பிரஸ் மெஷின் ஓடும் ஷெட்டில், இரண்டாம் மொழியில், கடைசி உருபை நம்பிப் பாதுகாப்பு அறிவிப்பு செய்வது தவறான முறை. மாற்றுவதற்குச் செலவும் இல்லை:

1. தடையைத் தனி வாக்கியமாக, தனிச் சொல்லோடு சொல்ல வேண்டும். 'வேண்டாம்! மூடியைத் திறக்க வேண்டாம். முதலில் மெஷினை நிறுத்துங்கள்.'

2. பெயரெச்சங்களை அடுக்கக் கூடாது. 'நேற்று வந்த லோடில் இருந்து எடுத்த பாகங்களை வைத்த ரேக்' என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களாக உடைக்க வேண்டும்.

3. 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும், அல்லது செய்து காட்டச் சொல்ல வேண்டும். மேலோட்டமாகப் புரிந்துகொண்டவருக்கும் முழுதாகப் புரிந்துகொண்டவருக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் வெளியே தெரியும்.

அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவிலும் இதே முறை பொருந்தும். 'சாப்பிட்ட பிறகு போடுங்கள்', 'சாப்பிடாமல் போடுங்கள்' என்ற இரண்டுக்கும் நடுவே இருப்பதும் அதே மாதிரி ஒரு சிறு உருபுதான். மாத்திரை உறையில் தட்டுப் படம் ஒன்றும் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தால், அந்த உருபின் மேல் இருக்கும் சுமை குறைகிறது.